சான்டா ஃபே சதுக்கம்

சான்டா ஃபே சதுக்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சான்டா ஃபே நகரின் நடுவில் அமைந்துள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க பொதுவெளி ஆகும். எசுப்பானியப் பேரரசின் குடியேற்ற நகரங்களில் நடுநாயகமாக அமைக்கப்பட்ட இத்தகைய வெளி, எசுப்பானிய மொழியில் பிளாசா எனப்படும். மிசூரி மாநிலத்திலிருந்து புல்வெளிகளைக் கடந்து வந்த சான்டா ஃபே வணிகச் சாலை இச்சதுக்கத்திலேயே முடிவடைந்தது. மெக்சிகோ நகரிலிருந்து வடக்கு நோக்கி வந்த அரசப் பெருவழியும் இந்நகரை அடைந்தது.

சதுக்கத்தின் வடபுறத்தில் 1610 ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய ஆளுநர் மாளிகை உள்ளது. சதுக்கத்தினுள் வணிகச் சாலையின் முடிவைக் குறிக்கும் நினைவுக்கல்லும், 1846 ஆம் ஆண்டின் அமெரிக்க ஆக்கிரமிப்பைக் குறிக்கும் கல்லும் உள்ளன. நடுவில் நின்ற போர்வீரர் நினைவுத்தூண் 1868 ஆம் ஆண்டு முதல் 2020 ஆம் ஆண்டு வரை இச்சதுக்கத்தின் முதன்மை அடையாளமாக விளங்கியது. அது 2020 அக்டோபர் 12 அன்று போராட்டக்காரர்களால் வீழ்த்தப்பட்டது. இச்சதுக்கம் 1960 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பெயரும் அமைவிடமும்

சான்டா ஃபே என்னும் எசுப்பானியச் சொற்றொடருக்குப் புனித நம்பிக்கை என்பது பொருள். நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலத் தலைநகரங்களுள் இதுவே மிகப் பழமையானதும் மிக உயரத்தில் அமைந்ததும் ஆகும். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 87,505 ஆகும்.

எசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பு 1573 ஆம் ஆண்டில் வெளியிட்ட நகரமைப்பு விதிகள், புதிய நகரங்களில் சதுக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என வரையறுத்தன. அதன் நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கேனும் இருக்க வேண்டும், குதிரைகளுடன் நடக்கும் விழாக்களுக்கு இந்த வடிவமே ஏற்றது, வணிகர்களின் வசதிக்காகச் சுற்றிலும் தாழ்வாரங்கள் இருக்க வேண்டும் என்பன அவ்விதிகளுள் சில. சான்டா ஃபே சதுக்கமும் இம்மரபிலேயே அமைந்தது. தொடக்கத்தில் அது இன்றுள்ளதைவிடப் பெரியதாக, கிழக்கே இன்றைய பேராலயம் வரை விரிந்திருந்தது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பிற்காலத்தில் கிழக்குப் பகுதியில் கட்டடங்கள் எழுந்ததால் வெளி சுருங்கியது.

வரலாறு

எசுப்பானியக் குடியேற்றம்

எசுப்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இப்பகுதியில் புவெப்லோ மக்கள் வாழ்ந்து வந்தனர். மண்ணாலும் கல்லாலும் பல அடுக்கு வீடுகள் கட்டி, சோளம் பயிரிட்டு, நிலையான ஊர்களில் வாழ்ந்த பழங்குடிகள் இவர்கள். எசுப்பானிய மொழியில் ஊர் என்று பொருள்படும் புவெப்லோ என்னும் சொல்லே இவர்களுக்குப் பெயராயிற்று.

1598 ஆம் ஆண்டில் குவான் டி ஒனியாத்தே என்பவர் குடியேறிகளுடன் வந்து, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஓக்கே ஒவிங்கே என்னும் புவெப்லோ ஊரில் தங்கினார். அவருக்குப் பின் ஆளுநராக வந்த பெத்ரோ டி பெரால்தா 1610 ஆம் ஆண்டில் சான்டா ஃபேயைத் தலைநகராக நிறுவினார். சதுக்கமும் ஆளுநர் மாளிகையும் அக்காலத்தில் உருவானவை.

தலைநகரை மெக்சிகோ நகருடன் இணைத்தது உள்நாட்டு அரசப் பெருவழி ஆகும். ஏறத்தாழ 2,560 கி.மீ. நீளமுள்ள இவ்வழியே வண்டிகளும் கோவேறு கழுதைகளும் கருவிகள், துணி, எழுதுதாள், வழிபாட்டுப் பொருட்கள் முதலியவற்றைக் கொண்டுவந்தன. மெக்சிகோவில் உள்ள இதன் பகுதி 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது.

புவெப்லோ எழுச்சி

கட்டாய உழைப்பு, பொருள் வரி, தம் சமயச் சடங்குகளுக்கு விதிக்கப்பட்ட தடை, வறட்சி ஆகியவற்றால் துன்புற்ற புவெப்லோ மக்கள் 1680 ஆகஸ்ட் 10 அன்று ஒருங்கே கிளர்ந்தெழுந்தனர். ஓக்கே ஒவிங்கேயைச் சேர்ந்த போப்பே என்பவர் இவ்வெழுச்சிக்குத் தலைமை தாங்கினார். ஒன்றுக்கொன்று வேறான மொழிகளைப் பேசிய ஊர்கள் ஒரே நாளில் எழ வேண்டியிருந்ததால், எஞ்சிய நாட்களைக் குறிக்கும் முடிச்சுகள் இட்ட கயிறுகள் ஓட்டத் தூதர்கள் வழியாக ஊர்தோறும் அனுப்பப்பட்டன. நாள்தோறும் ஒரு முடிச்சு அவிழ்க்கப்பட்டது.

எழுச்சியில் 21 பிரான்சிஸ்கன் துறவிகள் உட்பட ஏறத்தாழ 400 எசுப்பானியர் கொல்லப்பட்டனர். ஆளுநர் அந்தோனியோ டி ஓத்தெர்மினும் ஏறத்தாழ 1,000 பேரும் சதுக்கத்தை ஒட்டிய அரசுக் கட்டடங்களில் அடைபட்டனர். முற்றுகையிட்டோர் உள்ளே சென்ற நீர்க் கால்வாயை அடைத்தனர். தண்ணீரின்றித் தவித்த எசுப்பானியர் ஆகஸ்ட் 21 அன்று நகரைவிட்டு வெளியேறித் தெற்கே எல் பாசோவுக்குச் சென்றனர். அடுத்த 12 ஆண்டுகள் சான்டா ஃபே புவெப்லோ மக்களின் வசம் இருந்தது. அவர்கள் ஆளுநர் மாளிகையைப் பல அடுக்குக் குடியிருப்பாக மாற்றி அதில் வாழ்ந்தனர்.

1692 ஆம் ஆண்டில் தியேகோ டி வர்காஸ் என்னும் ஆளுநர் போரின்றி நகருக்குள் நுழைந்து எசுப்பானிய ஆட்சியை மீண்டும் அறிவித்தார். ஆயினும் 1693 டிசம்பரில் அவர் குடியேறிகளுடன் திரும்பியபோது புவெப்லோ மக்கள் நகரைவிட்டு வெளியேற மறுத்தனர். அதைத் தொடர்ந்த சண்டையில் நகரம் வீழ்ந்தது. பிடிபட்டவர்களுள் 70 பேர் கொல்லப்பட்டனர். 1692 ஆம் ஆண்டின் நுழைவை நினைவுகூரும் சான்டா ஃபே விழா 1712 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. நகரின் வரலாற்றில் 1692 மட்டும் விழாவாயிற்று, 1693 மறக்கப்பட்டது என்பது பிற்காலத்தில் பழங்குடியினர் எழுப்பிய முதன்மையான குறைகளுள் ஒன்றாகும்.

வணிகச் சாலை

எசுப்பானிய அரசு தன் குடியேற்றங்கள் வெளிநாட்டாருடன் வணிகம் செய்வதைத் தடை செய்திருந்தது. 1807 ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்த அமெரிக்கப் படை அதிகாரி செபுலான் பைக் பிடிக்கப்பட்டுச் சான்டா ஃபேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1821 ஆம் ஆண்டில் மெக்சிகோ விடுதலை பெற்றதும் இந்நிலை மாறியது.

வில்லியம் பெக்நெல் என்னும் மிசூரி வணிகர் 1821 செப்டம்பரில் பொதி சுமக்கும் விலங்குகளுடன் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று சான்டா ஃபேயை அடைந்தார். ஆளுநர் பக்குந்தோ மெல்காரெஸ் அவரை வரவேற்று, அமெரிக்க வணிகர்கள் வருவதை விரும்புவதாகத் தெரிவித்தார். கொண்டுசென்ற சரக்கை நல்ல இலாபத்தில் விற்ற பெக்நெல், 1822 ஆம் ஆண்டில் மூன்று வண்டிகளுடன் மீண்டும் வந்தார். இவ்வழியில் சக்கர வண்டிகள் வந்தது அதுவே முதன்முறையாகும். மேற்கத்திய மரபில் அவர் சான்டா ஃபே சாலையின் தந்தை எனப்படுகிறார். எனினும் இவ்வழியின் பல பகுதிகள் பழங்குடியினரின் பழைய தடங்களே ஆகும்.

ஏறத்தாழ 1,450 கி.மீ. நீளமுள்ள இச்சாலை முதலில் பிராங்கிளின் நகரிலும் பின்னர் இன்டிபென்டன்சு, வெஸ்ட்போர்ட்டு ஆகிய நகரங்களிலும் தொடங்கியது. வணிகச் சாத்துகள் இதனைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. இடையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ராட்டன் கணவாய் வழியான மலைவழி நீண்டது, ஆனால் அங்கு தண்ணீர் கிடைத்தது. சிமரோன் குறுக்குவழி குறுகியது, ஆனால் நீரற்றது. தவிர, அது கமாஞ்சி, கயோவா முதலிய பழங்குடிகளின் நிலங்களை ஊடறுத்துச் சென்றது.

மேற்கு நோக்கிப் பருத்தித் துணி, ஊசி, கத்தி, கண்ணாடி, இரும்புச் சாமான்கள் ஆகியன சென்றன. கிழக்கு நோக்கி வெள்ளிக் காசுகள், கோவேறு கழுதைகள், மென்மயிர்த் தோல்கள் ஆகியன திரும்பின. இச்சாலையில் பல ஆண்டுகள் வணிகம் செய்த ஜோசையா கிரெக், 1844 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் வணிகத்தின் அளவைப் பட்டியலிட்டுள்ளார். அவர் கணக்கின்படி 1822 ஆம் ஆண்டில் 15,000 டாலராக இருந்த சரக்கின் மதிப்பு, 1843 ஆம் ஆண்டில் 450,000 டாலராக உயர்ந்தது. அவ்வாண்டில் 230 வண்டிகள் வந்தன. நகரை அடைவதற்கு முன்னர் வண்டியோட்டிகள் முகம் கழுவி, தலை வாரி, நல்ல உடை உடுத்து, சாட்டைகளுக்குப் புதிய நுனி கட்டிக்கொண்டு, சதுக்கத்தில் ஒருவரை ஒருவர் விஞ்சும்படி அவற்றைச் சொடுக்கியபடி நுழைந்தனர் என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

சாத்து வந்தவுடன் சரக்குகளுக்குச் சுங்கம் செலுத்த வேண்டும். ஆளுநர் மானுவேல் ஆர்மிகோ 1839 ஆம் ஆண்டளவில் வண்டியின் அளவையோ சரக்கின் மதிப்பையோ பாராமல், வண்டி ஒன்றுக்கு 500 டாலர் என வரி விதித்தார். எனவே வணிகர்கள் சிறு வண்டிகளைக் கைவிட்டு, மிகுந்த சுமை ஏற்றும் பெரிய வண்டிகளுக்கு மாறினர்.

சான்டா ஃபே சாலை இச்சதுக்கத்தில் முடிந்தது எனினும், சரக்கு இங்கேயே நின்றுவிடவில்லை. அதன் பெரும்பகுதி அரசப் பெருவழியில் தெற்கே சிவாவா வரையிலும் அதற்கு அப்பாலும் சென்றது. 1829 ஆம் ஆண்டு முதல் மேற்கே லாஸ் ஏஞ்சலிஸ் வரை சென்ற பழைய எசுப்பானியத் தடமும் இந்நகரையே தொடக்கமாகக் கொண்டிருந்தது. அவ்வழியில் நியூ மெக்சிகோவின் கம்பளிப் போர்வைகள் கொண்டுசெல்லப்பட்டு, குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வாங்கிவரப்பட்டன. எனவே மிசூரியிலிருந்து வந்தோருக்கு முடிவிடமாகத் தோன்றிய இச்சதுக்கம், உண்மையில் மூன்று வழிகள் கூடும் சந்தியாக இருந்தது. 1840களில் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த வணிகர்களும் இவ்வணிகத்தில் பெரும்பங்கு வகித்தனர்.

அமெரிக்க ஆட்சியும் தொடர்வண்டியும்

வணிகர்களுக்கு வழிகாட்டிய சாலை படைகளுக்கும் வழியாயிற்று. மெக்சிகோ-அமெரிக்கப் போரின்போது, படைத்தலைவர் ஸ்டீபன் கியர்னி 1846 ஆகஸ்ட் 18 அன்று எதிர்ப்பின்றிச் சான்டா ஃபேக்குள் நுழைந்தார். மறுநாள் சதுக்கத்தில் கூடிய மக்களிடையே, நியூ மெக்சிகோ ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்டது என அறிவித்தார். அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1847 சனவரியில் தாவோஸ் ஊரில் எழுந்த கிளர்ச்சியில் அமெரிக்க ஆளுநர் சார்லஸ் பென்ட்டு கொல்லப்பட்டார். 1848 ஆம் ஆண்டின் குவாதலுப்பே இதால்கோ உடன்படிக்கை இப்பகுதியை ஐக்கிய அமெரிக்காவுக்கு அளித்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச்சில் டெக்சாசிலிருந்து வந்த கூட்டமைப்புப் படை சிறிது காலம் நகரைக் கைப்பற்றியது. நகருக்குக் கிழக்கே வணிகச் சாலையில் அமைந்த குளோரியெட்டா கணவாயில் மார்ச் 26 முதல் 28 வரை நடந்த சண்டையில், அப்படையின் உணவு, வெடிமருந்து வண்டிகள் அழிக்கப்பட்டன. அதனால் அது பின்வாங்க நேர்ந்தது.

1879 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை கிழக்கேயுள்ள லாஸ் வேகாஸ் என்னும் நியூ மெக்சிகோ நகரை எட்டியது. மலைப்பாங்கான நில அமைப்பின் காரணமாக முதன்மைப் பாதை சான்டா ஃபேயைத் தொடாமல் தெற்கே லாமி வழியாகச் சென்றது. அங்கிருந்து அமைக்கப்பட்ட கிளைப்பாதையில் 1880 பிப்ரவரியில் முதல் வண்டி நகருக்கு வந்தது. அத்துடன் வணிகச் சாலையின் பயன்பாடு முடிவுக்கு வந்தது. சாலையின் பெயரைத் தாங்கிய இருப்புப்பாதை நிறுவனத்தின் முதன்மைப் பாதையில் சான்டா ஃபே இடம்பெறவில்லை. வணிக முதன்மை ஆல்புகெர்க்கி நகருக்கு மாறியது.

சதுக்கத்தின் சின்னங்கள்

ஆளுநர் மாளிகை

சதுக்கத்தின் வடபக்கம் முழுவதும் நீண்டிருக்கும் ஆளுநர் மாளிகை, அடோபி எனப்படும் வெயிலில் உலர்த்திய பச்சைக்கற்களால் கட்டப்பட்ட ஒருமாடிக் கட்டடமாகும். எசுப்பானிய ஆளுநர்கள், புவெப்லோ மக்கள், மெக்சிகோ ஆளுநர்கள், அமெரிக்க ஆளுநர்கள் ஆகியோர் அடுத்தடுத்து இதில் இருந்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவில் ஐரோப்பியக் குடியேறிகள் கட்டித் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ள பொதுக்கட்டடங்களுள் மிகப் பழமையானதாக இது கருதப்படுகிறது. 1878 முதல் 1881 வரை ஆளுநராக இருந்த லியூ வாலஸ், 1880 ஆம் ஆண்டில் வெளியான பென்-ஹர் புதினத்தின் இறுதிப் பகுதிகளை இங்கு எழுதினார்.

1909 ஆம் ஆண்டில் இக்கட்டடம் நியூ மெக்சிகோ அருங்காட்சியகத்தின் இல்லமாயிற்று. பழுதுபார்ப்புப் பணியை மேற்கொண்ட ஜெசி நுஸ்பாம், 19 ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட அழகுக் கைப்பிடிச் சுவர்களை அகற்றி, 1913 ஆம் ஆண்டளவில் எசுப்பானியர் கால அமைப்பை ஒத்த தாழ்வாரத்தை அமைத்தார். இன்று பார்வையாளர் காணும் முகப்பு இவ்வாறு உருவானதே ஆகும். 2009 ஆம் ஆண்டில் பின்புறத்தில் நியூ மெக்சிகோ வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மாளிகையின் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் சுவரோரமாகத் துணி விரித்துத் தம் நகைகளையும் மட்கலங்களையும் விற்கின்றனர். விற்பவர் பழங்குடியினராகவும் பொருள் அவர் அல்லது அவர் குடும்பத்தார் கையால் செய்ததாகவும் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் விதியாகும். இடங்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. பிறரை விலக்கும் இவ்விதி 1970களில் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டபோது, அது செல்லும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

சாலை முடிவு நினைவுக்கல்

சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையில், சான்டா ஃபே சாலையின் முடிவைக் குறிக்கும் கருங்கல் நினைவுக்கல் உள்ளது. அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் மகளிர் அமைப்பும் நியூ மெக்சிகோ ஆட்புல அரசும் இதனை 1910 ஆம் ஆண்டில் அமைத்தன. சாலை பயன்பாட்டிலிருந்து மறைந்து ஒரு தலைமுறை கழிந்த நிலையில், அதன் தடத்தை அடையாளப்படுத்த இவ்வமைப்பு பல மாநிலங்களில் இத்தகைய கற்களை நாட்டியது. நியூ மெக்சிகோ முழு மாநிலமானது இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1912 ஆம் ஆண்டிலேயே ஆகும்.

கல்லில் சாலையின் காலம் 1822 முதல் 1879 வரை எனப் பொறிக்கப்பட்டுள்ளது. பெக்நெலின் முதல் பயணம் 1821 ஆம் ஆண்டிலும் சான்டா ஃபேக்கு முதல் தொடர்வண்டி வந்தது 1880 ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தவை என்பதால், வரலாற்று நூல்கள் பொதுவாக 1821-1880 எனக் குறிக்கின்றன. முதல் வண்டிகள் வந்த ஆண்டு 1822 என்பதும், இருப்புப்பாதை நியூ மெக்சிகோவின் லாஸ் வேகாசை எட்டிய ஆண்டு 1879 என்பதும் இங்குக் கருதத்தக்கன.

கியர்னி நினைவுக்கல்

1846 ஆகஸ்ட் 19 அன்று கியர்னி சதுக்கத்தில் வெளியிட்ட அறிவிப்பை நினைவுகூரும் கல் ஒன்று சதுக்கத்தினுள் உள்ளது. இணைப்பு அமைதியாக நிகழ்ந்தது என அது கூறுகிறது. அடுத்த ஐந்து மாதங்களில் தாவோசில் நிகழ்ந்த கிளர்ச்சியைப் பற்றி அதில் குறிப்பு இல்லை.

போர்வீரர் நினைவுத்தூண்

சதுக்கத்தின் நடுவில் நின்றது ஏறத்தாழ 33 அடி உயரமுள்ள, நான்கு பக்கங்களும் மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் கூர்நுனித் தூணாகும். 1867 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு 1868 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் பீடத்தின் நான்கு பக்கங்களிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கம், 1866 முதல் 1868 வரையிலான சட்டமன்றங்களின் வழியாக நியூ மெக்சிகோ மக்கள் இதை எழுப்பினர் என்று கூறியது. மற்ற இரு பக்கங்கள் 1862 ஆம் ஆண்டில் வல்வெர்தே, குளோரியெட்டா ஆகிய இடங்களில் உயிர்நீத்த ஒன்றியப் படையினரைப் போற்றின. எதிர்த்தரப்பினரை அவை கலகக்காரர் என்றே குறித்தன. ஒன்றியப் படையில் சேர்ந்த நியூ மெக்சிகோ தொண்டர்களுள் பெரும்பாலோர் எசுப்பானிய மொழி பேசுவோராவர். எனவே இத்தூண் தம் முன்னோரின் ஈகத்துக்கு அடையாளம் என இம்மரபினர் பலர் கருதினர்.

நான்காம் பக்கம் பழங்குடியினருடன் நடந்த போர்களில் இறந்த வீரர்களைப் போற்றியது. அதில் பழங்குடியினர் காட்டுமிராண்டிகள் எனப் பொருள்படும் சொல்லால் குறிக்கப்பட்டிருந்தனர். இத்தூண் எழுந்த காலத்தில் நவகோ மக்கள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டு, போஸ்க்கே ரெதொந்தோ என்னும் இடத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். நெடுநடை எனப்படும் அக்கட்டாயப் பயணத்திலும் அங்கு அடைக்கப்பட்ட காலத்திலும் பலர் மாண்டனர். 1868 சூன் மாதத்தில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகே அவர்கள் சொந்த நிலத்துக்குத் திரும்ப முடிந்தது. தூண் நிறைவுற்ற ஆண்டும் அதுவே.

நினைவுத்தூண் தொடர்பான சர்ச்சை

1970களின் தொடக்கத்தில் பழங்குடி உரிமை இயக்கங்கள் தூணை அகற்றக் கோரின. தூண் அகற்றப்படவில்லை. பொறிப்புகள் அவை எழுதப்பட்ட காலத்தின் மனப்பாங்கைக் காட்டுகின்றன என விளக்கும் பலகை ஒன்று அருகில் வைக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டில், வேலையாள் உடையணிந்த ஒருவர் பட்டப்பகலில் உளியுடன் வந்து, காட்டுமிராண்டிகள் எனப் பொருள்படும் அந்த ஒரு சொல்லை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டுச் சென்றார். அவ்விடம் நிரப்பப்படாமலே விடப்பட்டது. அடுத்த 46 ஆண்டுகள் பார்வையாளர்கள் கண்டது, நடுவில் ஒரு சொல் இல்லாத வாசகத்தையே ஆகும்.

2020 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நினைவுச் சின்னங்கள் குறித்த விவாதம் எழுந்தபோது, சூன் மாதத்தில் நகரத் தலைவர் தூணை அகற்ற வேண்டும் என அறிவித்தார். பேராலயத்தை அடுத்த பூங்காவிலிருந்த தியேகோ டி வர்காசின் சிலை அம்மாதமே அகற்றப்பட்டது. ஆனால் தூண் அகற்றப்படாமல் மாதங்கள் கடந்தன. பழங்குடி மக்கள் நாளான 2020 அக்டோபர் 12 அன்று போராட்டக்காரர்கள் கயிறுகளையும் சங்கிலிகளையும் கட்டி இழுத்துத் தூணின் மேற்பகுதியை வீழ்த்தினர். எஞ்சிய பீடம் பலகைகளால் மூடப்பட்டது. வழக்குக்கு உள்ளானவர்களுள் பலருக்குத் தண்டனைக்கு மாற்றாக, பாதிக்கப்பட்டோருடன் உரையாடிச் சமூகப்பணி செய்யும் சீர்நீதி முறை வாய்ப்பாக அளிக்கப்பட்டது.

தூணின் வீழ்ச்சி நகர மக்களிடையே ஆழ்ந்த பிளவை வெளிப்படுத்தியது. இழிவுபடுத்தும் கல்லொன்று நகரின் நடுவில் 152 ஆண்டுகள் நின்றதே பெருந்தவறு என ஒருசாரார் கூறினர். சட்டமன்றம் எழுப்பிய போர்நினைவுச் சின்னத்தை ஒரு கூட்டம் தானே வீழ்த்துவது முறையன்று என்றும், அதனால் உள்நாட்டுப் போரில் இறந்த தம் முன்னோரின் நினைவும் அழிந்தது என்றும் மறுசாரார் கூறினர். 2021 ஆம் ஆண்டில் நகர அவை, பண்பாடு, வரலாறு, கலை, இணக்கம், உண்மை ஆகியவற்றைப் பெயராகக் கொண்ட பொதுக் கலந்துரையாடல் திட்டமொன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் எசுப்பானிய மரபினரின் பழமையான உதவிச் சங்கமொன்று, தூணை மீண்டும் எழுப்பக் கோரி நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் மாநிலச் சட்டம் இவ்வழக்கின் அடிப்படையாக அமைந்தது.

இதே காலத்தில் சான்டா ஃபே விழாவும் மாற்றம் கண்டது. டி வர்காசின் நுழைவைச் சதுக்கத்தில் நடித்துக் காட்டும் நிகழ்ச்சி, பழங்குடியினரின் எதிர்ப்பையும் அதைத் தொடர்ந்த பேச்சுவார்த்தையையும் அடுத்து 2018 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பேச்சுவார்த்தை வழியாக முடிவு எட்டப்பட்டமைக்கு எடுத்துக்காட்டாக இது சுட்டப்படுகிறது. புவெப்லோ எழுச்சியின் தலைவரான போப்பேயின் சிலை, நியூ மெக்சிகோவின் சார்பில் 2005 ஆம் ஆண்டில் வாசிங்டன் நகரின் நாடாளுமன்றக் கட்டடச் சிலைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது.

சுற்றியுள்ள கட்டடங்கள்

- அசிசியின் புனித பிரான்சிஸ் பேராலயம்: சதுக்கத்துக்குக் கிழக்கே ஒரு தெருத் தொலைவில் உள்ளது. பிரான்சு நாட்டவரான பேராயர் ழான்-பத்தீஸ்த் லாமி 1869 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார். 1886 ஆம் ஆண்டில் அருட்பொழிவு செய்யப்பட்டது. மண்கட்டடங்களுக்கு நடுவே ரோமனெஸ்க் பாணியில் கல்லால் எழுந்த இதன் இரு கோபுரங்களுக்கும் திட்டமிட்ட கூர்முடிகள் அமைக்கப்படவில்லை.

- லா ஃபோண்டா விடுதி: தென்கிழக்கு மூலையில், சாலை முடிவு நினைவுக்கல்லுக்கு எதிரே உள்ளது. வணிகச் சாலைக் காலத்திலும் இவ்விடத்தில் பயணியர் விடுதி இருந்தது. இன்றைய கட்டடம் 1922 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

- நியூ மெக்சிகோ கலை அருங்காட்சியகம்: வடமேற்கு மூலையில் 1917 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புவெப்லோ ஊர்களின் மண் தேவாலயங்களைப் பின்பற்றிய இதன் வடிவம், பின்னர் நகரம் முழுவதும் பரவிய கட்டடப் பாணிக்கு முன்மாதிரியாயிற்று.

- லா காஸ்த்ரென்செ: சதுக்கத்தின் தென்புறத்தில் 1760களின் தொடக்கத்தில் கட்டப்பட்டிருந்த படைவீரர் ஆலயம். இன்று இல்லை. அதிலிருந்த, கல்லில் செதுக்கிய பீடப் பின்சுவர் 1940 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கிறிஸ்தோ ரேய் தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பாதுகாப்பு

சதுக்கமும் ஆளுநர் மாளிகையும் 1960 ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டில் நகர அவை இயற்றிய விதி, பழைய நகர்ப் பகுதியில் எழும் கட்டடங்களின் உயரம், நிறம், சாளர அளவு முதலியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. சான்டா ஃபே சாலை 1987 ஆம் ஆண்டிலும், அரசப் பெருவழியின் அமெரிக்கப் பகுதி 2000 ஆம் ஆண்டிலும், பழைய எசுப்பானியத் தடம் 2002 ஆம் ஆண்டிலும் தேசிய வரலாற்றுத் தடங்களாக அறிவிக்கப்பட்டன.

பச்சைக்கல் கட்டடங்கள் மழைநீராலும் பனியாலும் கரையக்கூடியவை. ஆதலால் அவற்றின் மேற்பூச்சைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். 20 ஆம் நூற்றாண்டில் பல கட்டடங்களுக்குச் சிமெண்டுப் பூச்சு பூசப்பட்டது. அது ஈரத்தை உள்ளேயே தேக்கி மண்சுவரைப் பலவீனமாக்கும் என்பதால், பாதுகாப்பு வல்லுநர்கள் மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சையே பரிந்துரைக்கின்றனர்.

சதுக்கத்தில் நடைபெறும் நிகழ்வுகள்

ஆகஸ்ட் மாதத்தில் பழங்குடிக் கலைச் சந்தையும், சூலை மாதத்தில் எசுப்பானிய மரபுக் கலைச் சந்தையும், செப்டம்பர் மாதத்தில் சான்டா ஃபே விழாவும் சதுக்கத்தை மையமாகக் கொண்டு நடைபெறுகின்றன. இவற்றுள் பழங்குடிக் கலைச் சந்தை 1922 ஆம் ஆண்டில் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பழங்குடிக் கலைஞர்கள் இதில் பங்கேற்கின்றனர். வணிகச் சாத்துகள் வருவது நின்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும், தொலைவிலிருந்து கொண்டுவந்த பொருளை விரித்து விற்கும் இடமாக இச்சதுக்கம் தொடர்ந்து விளங்குகிறது.